கழுத்தில் ஒரு குழாய்: ஒரு த்ரெட்

1/ டயாலிசிஸ், கீமோ, ஐசியூ... உங்க வீட்டுல யாருக்காவது கழுத்துலயோ நெஞ்சுலயோ குழாய் வச்சிருக்காங்களா? இது உங்களுக்குத்தான். முதல்ல கொஞ்சம் வரலாறு.

2/ 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட். கை ரத்தக்குழாய் வழியா இதயம் வரை குழாய் விடலாம்னு நம்பினார் இளம் டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மான். மேலதிகாரி அனுமதிக்கல. கருவிகளோ நர்ஸ் கெர்டா டிட்சன் பொறுப்புல. பரிசோதனைக்குத் தானே தயார்னு அவங்க முன்வந்தாங்க.

3/ அவங்களை மேசையில் கட்டிவிட்டு, சத்தமில்லாம தன் கையிலேயே குழாயை ஏத்திக்கிட்டார் ஃபோர்ஸ்மான்! 65 செ.மீ. அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்தார். 27 வருஷம் கழிச்சு, 1956-ல் நோபல் பரிசு.

4/ 1970-களில் சியாட்டில் நகரில் ப்ரோவியாக், ஹிக்மன் குழாய்கள் வந்தன. தோலுக்கடியில் சுரங்கம் போல ஓடி வெளியே வரும். நடுவில் ஒரு துணிப்பட்டை; அதில் திசு வளர்ந்து கிருமிக்குத் தடுப்பாகும். மாசக்கணக்கில் வைக்கலாம்.

5/ ஆனா தோல்தான் நம்ம கோட்டைச்சுவர். அதுல ஓட்டை போட்டா, தோல்மேல சும்மா இருந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் குழாயைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே இறங்கும்.

6/ அமெரிக்க டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் மிச்சிகன் ஐசியூக்களில் கொண்டுவந்தது ஐந்தே விஷயம்: கை கழுவு, முழுக் கவசம் போடு, குளோர்ஹெக்சிடின் தடவு, தொடை இடுக்கைத் தவிர், தேவையில்லாத குழாயை எடு. டாக்டர் ஒன்றை விட்டால், நர்ஸ் நிறுத்தலாம்!

7/ 2006-ல் முடிவு வெளியானது. 1000 குழாய்-நாளுக்கு 2.7 ஆக இருந்த ரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூணே மாசத்துல பூஜ்யம். புது மருந்து எதுவும் இல்லை. 1929-ல் கட்டிப்போடப்பட்ட நர்ஸுக்கு, இப்போ டாக்டரையே நிறுத்தும் அதிகாரம்.

8/ இப்போ உங்க கண்ணுக்கு வேலை. குழாய் வெளிவரும் இடத்துல சிவப்பு, வீக்கம், வலி, சீழ் இருக்கா? சுரங்கப் பாதை நெடுக வலிக்குதா? டயாலிசிஸ் ஓடும்போது குளிர் நடுக்கம், காய்ச்சலா? உடனே சொல்லுங்க. நடுக்கத்தோட காய்ச்சல்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

9/ சீழையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்பி ஆன்டிபயாடிக் தருவோம். வாயில் மட்டும்னா பெரும்பாலும் குழாயைக் காப்பாத்தலாம். சுரங்கத்துக்குள் போயிட்டா குழாயை எடுத்தே ஆகணும். நீங்களா மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் போடாதீங்க. குழாயை நீங்களே இழுக்காதீங்க.

10/ டிரெஸ்ஸிங் மாத்த வர்றவங்க கிட்ட "கை கழுவிட்டீங்களா?"ன்னு கேளுங்க. நான் வந்தாலும் கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம்.