வாப்பாவின் மூன்று ரிமோட்டுகள்



மச்சான் கத்தாரிலிருந்து வரும்போது ஒரு ஹோம் தியேட்டர் செட் கொண்டுவந்தார். (யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அதில் ஓடுவது கிரிக்கெட், பயான், செய்தி, அவ்வளவுதான்.) அன்றிலிருந்து வாப்பாவால் தனியாகச் செய்தி பார்க்க முடியவில்லை. டீவிக்கு ஒரு ரிமோட், டிஷ் பெட்டிக்கு ஒன்று, ஹோம் தியேட்டருக்கு ஒன்று. பேரப்பிள்ளை ஓதப் போயிருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால் "பரவாயில்ல மகன்" என்பார்.

பிழை வாப்பாவில் இல்லை. ரிமோட்டின் சரித்திரத்தைப் பார்த்தால் அது விளங்கும்.

1950இல் அமெரிக்காவின் செனித் கம்பனி விட்ட முதல் டீவி ரிமோட்டுக்குப் பெயர் 'லேசி போன்ஸ்'. அதாவது சோம்பேறி! அதிலிருந்து டீவி வரைக்கும் வயர் ஓடும், ஆட்கள் தடுக்கி விழுவார்கள். கம்பனித் தலைவர் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றால் ஆகாது. விளம்பரம் வந்தால் கதிரையில் இருந்தபடியே சத்தத்தை நிறுத்த ஒரு வழி தேடினார். 1955இல் யூஜின் போலி என்ற பொறியியலாளர் வயர் இல்லாத 'ஃபிளாஷ்மெட்டிக்'கைச் செய்தார். துப்பாக்கி மாதிரியான ஒரு டோர்ச். டீவியின் நான்கு மூலையிலும் ஒளியுணரிகள். எந்த மூலைக்கு வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும். பின்னேர வெயில் திரையில் பட்டால் சனல் தானாக மாறியதுதான் கரைச்சல்.

அடுத்த வருடமே ரொபர்ட் அட்லர் கழியொலிக்குப் போனார். வியன்னாவில் பிறந்து, நாஸிகள் ஒஸ்திரியாவைப் பிடித்த பிறகு நாட்டை விட்டு வந்தவர். அவருடைய 'ஸ்பேஸ் கொமாண்ட்' ரிமோட்டில் பற்றரியே இல்லை. உள்ளே நான்கு அலுமினியக் கோல்கள். பட்டனை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் கோலைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டீவி பிடித்துக்கொள்ளும். சாவிக்கொத்துக் குலுங்கினாலும் சனல் மாறிய கதைகள் உண்டு. ஆனாலும் இந்த முறைதான் கால் நூற்றாண்டு நின்றது. பேரும் அட்லருக்கே போனது, போலியை உலகம் பாதி மறந்தது. 1997இல் இருவருக்கும் சேர்த்து எமி விருது கொடுத்தார்கள்.

இலங்கைக்கு டீவி வந்ததே 1979இல். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்திலேயே கழியொலி போய், செங்கீழ்க் கதிர் ரிமோட் வந்துவிட்டது. வாப்பாவின் கஷ்டமும் அங்கேதான் தொடங்குகிறது.

ரிமோட்டின் நுனியிலுள்ள சின்ன பல்ப் செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பித்தான் கட்டளை போகிறது. (போன் கமராவுக்கு முன் ரிமோட்டைப் பிடித்து அழுத்திப் பாருங்கள், அநேகமான போன்களில் மினுங்குவது தெரியும்.) ஆனால் ஆளுக்கொரு பாஷை. என்இசி முறையில் 32 பிட், பிலிப்ஸின் ஆர்சி-5இல் 14, சோனியில் 12. மீடிறனும் வேறு: பிலிப்ஸ் 36 கிலோ ஹேட்ஸ், சோனி 40. ஒரே கதிர்தான், ஆனால் ஒன்று பேசுவது மற்றதற்கு விளங்காது.

1985இல் பிலிப்ஸ், மெக்னவொக்ஸ் என்ற பெயரில் யுனிவர்சல் ரிமோட்டை இறக்கியது. அதே வருடம் அப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் வொஸ்னியாக், வீட்டில் குவிந்த ரிமோட்டுகளைக் கண்டு சலித்து ஒரு கம்பனியே தொடங்கினார். 1987இல் வந்த அவருடைய 'கோர்', மற்ற ரிமோட்டின் கதிரைப் பார்த்துப் பாடமாக்கிக்கொள்ளும். சாதாரண ஆட்களுக்கு அதை ஒழுங்குபடுத்துவது பெரிய பாடு. அப்பிள் கணினியையே வடிவமைத்த மனிதர் செய்தது!

ஹோம் தியேட்டரில் இன்னொரு வில்லங்கம். பவர் பட்டன் ஒன்றுதான். போடுவதும் அதே கட்டளை, நிறுத்துவதும் அதே கட்டளை. ஒரே அழுத்தலில் மூன்று பெட்டிக்கும் கட்டளை போகும்போது நடுவில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் டீவிக்கு அது சேராது. திரும்ப அழுத்தினால் டீவி வரும், மற்ற இரண்டும் நின்றுவிடும். இதைத் தீர்க்கப் பார்த்தது கனடாவில் பிறந்த 'ஹார்மனி'. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதை ரிமோட்டே ஞாபகம் வைத்திருக்கும். 2004இல் அதை வாங்கிய லொஜிடெக் 2021இல் உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது எச்டிஎம்ஐ வயர் வழியாகவே பெட்டிகள் தமக்குள் பேசும் சிஇசி வசதி இருக்கிறது. அதற்குக்கூட சம்சுங் 'எனிநெட் பிளஸ்' என்கிறது, எல்ஜி 'சிம்ப்லிங்க்' என்கிறது. பொதுவான ஒன்றுக்கும் ஆளுக்கொரு பெயர். எனக்குக் கோபம்தான் வருகிறது.

கடைசியில் பாடமாக்கும் ரிமோட் ஒன்று வாங்கினேன். பழைய ரிமோட்டுகளை அதற்கு முகம் பார்க்க வைத்து ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுத்தேன். வாப்பாவுக்குத் தேவையில்லாத பட்டன்களைக் கறுப்பு டேப்பால் மூடினேன். நேற்றிரவு அவரே செய்தி போட்டார். சத்தம் மட்டும் பக்கத்து வீட்டுக்கும் கேட்டது. குறைக்கிற பட்டனையும் சேர்த்து மூடிவிட்டேன் போல. அஸருக்குப் பிறகு பார்க்க வேண்டும்.