சொல் நிற்கும் இடம்: நினிவே ஈசாக்கின் மௌனமும் வளைகுடாத் துறவு மடங்களும்

அஜ்மானை அடுத்த எமிரேட்டான உம் அல் குவைனில், சினியா தீவின் மணலுக்கடியில் ஒரு கிறிஸ்தவத் துறவு மடம் கண்டெடுக்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் வெளியானது. அங்குக் கிடைத்த பொருள்களின் கரிமக் கணிப்பு கி.பி. 534க்கும் 656க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டுகிறது. அபுதாபியின் சிர் பனி யாஸ் தீவில் 1992இல் கண்டறியப்பட்ட மடத்துக்குப் பிறகு அமீரகத்தில் வெளிப்பட்ட இரண்டாவது மடம் இது. சிரியாக் மொழியில் ஜெபித்த கீழைத் திருச்சபை அன்று இந்தக் கரை நெடுகப் பரவியிருந்தது. அத்திருச்சபையின் பெத் கத்ராயே பகுதியில், அதாவது இன்றைய கத்தாரையும் அதைச் சூழ்ந்த கரையையும் உள்ளடக்கிய நிலத்தில், பிறந்தவர் நினிவே ஈசாக்கு.

ஜெபம் ஓர் எல்லைவரைதான் செல்லும், அதற்கப்பால் நாவும் மனமும் ஓய்ந்து வியப்பு மட்டுமே நிற்கும் என்பது ஈசாக்கின் மையப் போதனை. அந்த எல்லையான தூய ஜெபத்தை எட்டுவோரே மிகச் சிலர் என்றும் அவர் சொல்கிறார். இப்போதனை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இயேசு சபை அறிஞர் இரேனே ஓஷேர் 1932இல் ஒரு சிறு பிரெஞ்சுக் கட்டுரையில் விடை கூறினார். நான்காம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸின் ஒரு வரி சிரியாக்கில் பிழைபட்டு வந்தது. ஈசாக்கு அப்பிழையை மூலமென்று நம்பி, ‘ஜெபத்துக்கு அப்பால்’ என்றொரு நிலையைக் கட்டி எழுப்பினார் என்பது ஓஷேரின் வாதம்.

ஓஷேரின் சிரியாக் புலமையை மதிக்காமல் இத்துறையில் யாரும் அடியெடுத்து வைக்க முடியாது. அந்த வரி பிழைபட்டது என்பதையும் ஏற்கலாம். பிழையிலிருந்து போதனை பிறந்தது என்னும் அடுத்த படியைத்தான் ஏற்க முடியவில்லை. அந்த வரியை எடுத்தாளும் உரையில் ஈசாக்கு எல்லையைப் பற்றிய தம் கருத்தை நெடுக விளக்கிவிட்டு, அதன் பிறகே எவாக்ரியுஸைச் சாட்சிக்கு அழைக்கிறார். சாட்சி தடுமாறினாலும் வழக்கு அவருடையதுதான். இன்னொன்று: ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் தனித்துறவி யோவான், நாவின் மௌனம் தொடங்கி ஆவியின் மௌனம் வரை படிப்படியாக ஏறும் ஒரு ஜெப முறையை எழுதி வைத்திருக்கிறார். அந்தப் படிகளுக்கு எவாக்ரியுஸின் அந்த வரி தேவைப்படவில்லை. ஈசாக்கின் இரண்டாம் தொகுதியோ ஓஷேர் எழுதிய காலத்தில் அறிஞர் கையில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் சிரியாக் அறிஞர் செபாஸ்டியன் பிராக் அதை அடையாளம் கண்டது 1983இல். அத்தொகுதியிலும் வியப்பைப் பற்றிய பேச்சு மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரு நூலின் ஒரு வரியிலிருந்து ஒரு மனிதரின் முழு ஜெப வாழ்வையும் விளக்க முயல்வதுதான் ஓஷேரின் அடிப்படைச் சிக்கல். அவர் ஏட்டைப் பார்த்தார். ஏடு எழுந்த வாழ்க்கையைப் பார்க்கவில்லை.

அந்த வாழ்க்கையைப் பற்றி நமக்கு இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டில் பாசராவின் இசோதெனா எழுதியது. கீழைத் திருச்சபையின் தலைவரான கத்தோலிக்கோஸ் கிவர்கிஸ் ஈசாக்கை நினிவேக்கு ஆயராக அருள்பொழிவு செய்தார். ஐந்து மாதத்தில் அவர் பதவியைத் துறந்து மலைக்குப் போனார். பின்பு ராபான் ஷாபூர் மடத்தில் வாழ்ந்து, ஓயாத வாசிப்பாலும் தவத்தாலும் பார்வை இழந்தார். துறவியருக்கான நூல்களை இயற்றினார் என்கிறது அது. மற்றது, ரஹ்மானி 1904இல் பதிப்பித்த, ஆசிரியர் பெயரற்ற வரலாறு. அதில் ஒரு சிறு வேறுபாடு இருக்கிறது: பார்வை போனபின் அவருடைய போதனையைச் சீடர்கள் எழுதினார்கள் என்று அது சொல்கிறது. வாரத்துக்கு மூன்று அப்பமும் சிறிது கீரையும் உண்டவர், பேச்சில் மென்மையானவர் என்றும் சேர்க்கிறது.

இந்த வேறுபாட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாம் குறிப்பு சரியென்றால், மௌனத்தின் ஆசானென்று நாம் வாசிப்பவரின் எழுத்தில் ஒரு பகுதியாவது வாய்ச்சொல்லாகப் பிறந்தது. மேடையும் ஆயர் பதவியும் விட்டு வந்தவர், பார்வையும் போனபின், சுற்றியிருந்த சிலரிடம் பேசினார், அவர்கள் எழுதினார்கள். வல்லமையாகப் பேச வேண்டுமானால் தனி ஜெபத்தில் காத்திருக்க வேண்டும் என்று இன்று வளைகுடாவின் தமிழ்ச் சபைகளிலும் சொல்லக் கேட்கிறோம். ஈசாக்கு வல்லமையான பேச்சைத் தேடிக் காத்திருக்கவில்லை. காத்திருப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சொல் தானாக வந்தது. ஒரே வாக்கியத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். அந்த வாக்கியத்தை இட்டுக்கட்ட அந்த ஆசிரியருக்கு ஒரு காரணமும் தெரியவில்லை என்பதே என் பதில்.

இனி மண்ணின் சாட்சி. சிர் பனி யாஸ் மடத்துக்கு அருகே, முற்றம் வைத்த சிறு வீடுகள் தனியே நிற்கின்றன. மூத்த துறவியர் ஒதுங்கித் தியானிக்கத் தங்கிய வீடுகள் அவை என்பது அகழாய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்றில் 2025இல் சுண்ணச்சாந்துப் பலகை ஒன்று கிடைத்தது. நீளம் 27, அகலம் 17, கனம் 2 சென்டிமீட்டர். அதில் ஒரு சிலுவை. அதன் கீழே கொல்கொதாவைக் குறிப்பதாகக் கருதப்படும் படிக்கட்டு மேடை. அடியிலிருந்து இலைகள் துளிர்த்து எழுகின்றன. பெரிய கூட்டத்துக்குக் காட்டும் அளவல்ல அது. ஓர் ஆள் எதிரே அமர்ந்து நெடுநேரம் பார்க்கும் அளவு. ஈசாக்கைப் போலவே பெத் கத்ராயேயைச் சேர்ந்த தாதீசோவும் தனித்திருத்தலைப் பற்றியே நூல் எழுதினார். ஏழு வாரத் தனிமையை அறைக்குள் எப்படிக் கழிப்பது என்பதே அதன் பொருள். நூலும் வீடும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

காலத்தில்தான் முடிச்சு அவிழவில்லை. சிர் பனி யாஸை முதலில் ஆறு, ஏழாம் நூற்றாண்டுக்கு உரியதாக வைத்தார்கள். தொல்லியலாளர் ராபர்ட் கார்ட்டர் 2008இல் மட்பாண்டங்களை மறுபடி ஆராய்ந்து ஏழின் இறுதி, எட்டாம் நூற்றாண்டு என்று கீழே இறக்கினார். கிவர்கிஸ் 676இல் வளைகுடாவின் தைரின் தீவில் ஆயர் மன்றம் கூட்டினார். அப்பயணத்தில் ஈசாக்கு அவருடன் சேர்ந்திருக்கலாம் என்பது ஊகம், இசோதெனா ஆண்டு எதையும் தரவில்லை. கார்ட்டர் சொல்வது சரியென்றால் அந்த வீடுகள் ஈசாக்கின் இளமைக்குப் பிந்தியவை. அப்போது அவற்றை அவருடைய பள்ளியாகக் காட்ட முடியாது; அவர் பிறந்த கரையில் அதே வழக்கம் தொடர்ந்ததற்கான சான்றாக மட்டுமே கொள்ளலாம். சினியாவின் தேதி அவர் இளமையோடு பொருந்துகிறது. ஆனால் அது பெத் கத்ராயேக்குள் அடங்கியதா, ஓமானைச் சேர்ந்த மசூன் மறைமாவட்டத்தின் பக்கம் இருந்ததா என்பது தீராத வழக்கு.

தேதிகள் எப்படித் தீர்ந்தாலும் ஓஷேரின் முடிவு நிற்காது. ஈசாக்கின் மௌனத்துக்கு எழுத்துப் பிழையைக் காரணமாகக் காட்டுவதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும்.