த ரைஸ் மதர் (புதினம்)

த ரைஸ் மதர் என்பது மலேசிய எழுத்தாளர் ராணி மாணிக்கா ஆங்கிலத்தில் எழுதி 2002 ஆம் ஆண்டில் வெளியான வரலாற்றுப் புதினம் ஆகும். இதுவே அவருடைய முதல் நூல். இலங்கையிலிருந்து மலாயாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் நான்கு தலைமுறை வாழ்க்கையை இது கூறுகிறது. நெற்பயிரைக் காத்து உயிர் வளர்க்கும் தாய்த் தெய்வம் பற்றிய தென்கிழக்காசிய நம்பிக்கையிலிருந்து தலைப்பு எடுக்கப்பட்டது.

பின்னணி

மலாயாத் தமிழர் என்றதும் இரப்பர்த் தோட்டத் தொழிலாளரே பெரும்பாலும் நினைவுக்கு வருவர். இப்புதினம் வேறொரு பிரிவினரைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் மிசன் பள்ளிகள் வழியாக ஆங்கிலக் கல்வி பெற்றவர்களை, பிரித்தானிய ஆட்சியினர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தொடருந்துத் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்த்தினர். "மலாயா உத்தியோகம்" பார்க்கும் மாப்பிள்ளைக்கு ஊரில் தனி மதிப்பு இருந்தது. கதையின் முதல் ஏமாற்றம் இந்த மதிப்பிலிருந்தே பிறக்கிறது.

கதை

1916 இல் இலங்கையில் பிறந்த லட்சுமி, பதினான்கு வயதில், தன்னைவிட இருபதாண்டுகளுக்கும் மேல் மூத்தவரும் மனைவியை இழந்தவருமான ஐயா என்பவருக்கு மணமுடித்து வைக்கப்படுகிறாள். அவர் செல்வந்தர் என்று சொல்லப்பட்டிருந்தது. குவாந்தானை அடைந்த பின்னரே அவர் கடனில் மூழ்கிய, நல்ல மனமுடைய, ஆனால் முனைப்பற்ற எழுத்தர் என்பது தெரிய வருகிறது. திரும்பிப் போக வழியில்லாத அச்சிறுமி வீட்டுப் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். கடனை அடைத்து, ஆறு பிள்ளைகளையும் வளர்க்கிறாள்.

1941 திசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கின. 1945 வரை நீடித்த ஆட்சியில் இளம்பெண்களை மறைத்து வைப்பது பல குடும்பங்களின் அன்றாடக் கவலையாயிற்று. லட்சுமியும் தன் அழகிய மகள் மோகினியை ஒளித்து வைக்கிறாள். எனினும் படையினர் அவளைக் கண்டுபிடித்துக் கொண்டுசெல்கின்றனர், அவள் திரும்பவில்லை. இவ்விழப்பிலிருந்து குடும்பம் மீள்வதேயில்லை. மோகினியின் இரட்டைச் சகோதரன் இலட்சுமணன் குற்றவுணர்வால் சூதாட்டத்தில் விழுகிறான். தாயின் உறுதி மெல்லக் கொடுமையாக மாறுகிறது.

கதைசொல்லும் முறை

புதினத்தில் ஒரே கதைசொல்லி இல்லை. லட்சுமியும் பிள்ளைகளும் பிறரும் தத்தம் குரலில் பேசுகின்றனர். பேத்தி டிம்பிள் இந்நினைவுகளை ஒலிநாடாக்களில் பதிந்து வைக்க, பின்னர் அவளுடைய மகள் நிஷா அவற்றைக் கேட்கிறாள். ஒரே நிகழ்ச்சியை ஒருவர் தியாகம் என்றும் மற்றொருவர் கொடுமை என்றும் கூறுவதால், லட்சுமியைப் பற்றிய தீர்ப்பு வாசகரிடமே விடப்படுகிறது. போர்க்காலப் பகுதிகளின் அழுத்தம், டிம்பிளின் மணவாழ்வைக் கூறும் பிற்பகுதியில் சற்றுக் குறைகிறது.

ஆசிரியர்

ராணி மாணிக்கா திரங்கானு மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தம் குடும்ப வரலாற்றைத் தழுவியே இதனை எழுதினார். தென்கிழக்காசியா மற்றும் தென் பசிபிக் பகுதிக்கான பொதுநலவாய எழுத்தாளர் பரிசு 2003 இல் இந்நூலுக்குக் கிடைத்தது. ஜப்பானிய ஆட்சிக்கால மலாயாவை அவர் பின்னர் "த ஜப்பானீஸ் லவர்" என்னும் புதினத்திலும் மீண்டும் கையாண்டார்.