காய்கறி வெட்டும்போது எழுதிய தீர்ப்பு



போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டிக்கிட்டு இருந்தோம். புலனத்துல வந்த ஒரு கொலைச் செய்தியை ஒருத்தர் வாசிச்சாங்க. போலீஸ் இன்னும் விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா முட்டைக்கோஸ் வெட்டி முடிக்கிறதுக்குள்ள நாங்க தீர்ப்பே எழுதிட்டோம். "அப்பன் சரியில்ல, வளர்ப்பு சரியில்ல"ன்னு அந்தக் குடும்பத்தையே கூண்டுல ஏத்திட்டோம். நானும்தான் பேசினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கல. எப்பவோ படிச்ச ஒரு பழைய வழக்கு ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

1860, ஜூன் மாதக் கடைசி. இங்கிலாந்தில் ரோட் என்ற சின்ன கிராமம். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசாங்க அதிகாரி சாமுவேல் கென்ட் அங்கே ஒரு பெரிய வீட்டில் குடியிருந்தார். முதல் மனைவி இறந்த பிறகு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணையே இரண்டாவதாக மணந்துகொண்டவர். ஒரு நாள் காலையில், இரண்டாவது மனைவியின் மகன் சவில் தொட்டிலில் இல்லை. நான்கு வயதுகூட நிரம்பாத குழந்தை. தேடிப் பார்த்ததில், தோட்டத்துக் கழிவறைக் குழிக்குள் கழுத்து அறுபட்டுக் கிடந்தான்.

உள்ளூர்ப் போலீசுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு வாரம் கழித்து லண்டனிலிருந்து துப்பறிவாளர் ஜாக் விச்சர் வந்தார். அவர் கவனித்தது ஒரு சின்ன விஷயம். முதல் தாரத்தின் மகள் கான்ஸ்டன்ஸ், வயது 16. அவளுக்கு மூன்று இரவு உடை இருந்திருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தது. சலவைக்குப் போட்டதில் தொலைந்துவிட்டது என்றாள். ரத்தக் கறை பட்டதை அவளே அழித்துவிட்டாள் என்பது விச்சரின் கணிப்பு. ஜூலை 20-ஆம் தேதி அவளைக் கைது செய்தார். ஆதாரம் போதவில்லை, ஒரே வாரத்தில் விடுதலை. "கூலி வீட்டில் பிறந்தவன், பெரிய வீட்டுப் பெண்மேல் பழி போடுகிறானே" என்று பத்திரிகைகள் விச்சரைக் கிழித்துத் தொங்கவிட்டன.

அதுக்கப்புறம் ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்பாவுக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்ட எலிசபெத் காஃப் என்ற பெண்ணுக்கும் தொடர்பு, குழந்தை பார்த்துவிட்டது, அதனால் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. புகழ்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸே அதை நம்பினார். அந்தப் பெண்ணையும் கைது செய்து, ஆதாரம் இல்லாமல் விட்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, கொலைகார வீடு என்ற பெயரோடு ஊரைவிட்டே போனது.

ஐந்து வருஷம் கழித்து, 1865 ஏப்ரலில், கான்ஸ்டன்ஸ் தானே லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தாள். "நான்தான் செய்தேன், தனியாகத்தான் செய்தேன்" என்று ஒப்புக்கொண்டாள். அந்த ஜூலையில் வழக்கு நடந்தபோது அவளுடைய வழக்கறிஞர் எழுந்து, அவள் சொல்லச் சொன்னதாக ஒன்று சொன்னார்: இத்தனை காலம் வீண்பழி சுமந்த தன் அப்பாவும் மற்றவர்களும் குற்றமற்றவர்கள். தன் உயிருக்காக அவள் வாதாடவில்லை. வீட்டார் பெயரைத் துடைக்கத்தான் வாயைத் திறந்தாள். தூக்குத் தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். அவள் உள்ளே இருக்கும்போதே, 1872-இல், அப்பா இறந்துபோனார்.

இருபது வருஷம் சிறை. 1885-இல் வெளியே வந்தவள் பெயரை மாற்றிக்கொண்டு ஆஸ்திரேலியா போனாள். தாதிப் பயிற்சி பெற்றுத் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தாள். 1944-இல், 100 வயதில் காலமானாள். தம்பி வில்லியம் கடல் உயிரின ஆய்வாளராகப் புகழ்பெற்றவர். அவருக்கும் கொலையில் பங்கு இருந்திருக்குமோ என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். 160 வருஷம் தாண்டியும் சந்தேகம் அந்த வீட்டை விடல, பாருங்க.

விச்சரின் கணிப்பு சரியாத்தான் இருந்தது. ஆனா அவர் கையில இருந்ததை நீதிமன்றத்துல வச்சார், "போதாது"ன்னு சொன்னதும் அவளை விட்டாங்க. ஊரார் கையில ஒண்ணுமே இல்ல. அவங்க சொன்ன தீர்ப்பு அந்த அப்பாவையும் வேலைக்கார பெண்ணையும் ஐந்து வருஷம் வாட்டிருச்சு. தப்புன்னு தெரிஞ்ச பிறகு அந்த ஐந்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுத்தா?

குற்றம் செஞ்சவங்களுக்குச் சட்டம் இருக்கு. அவங்க அம்மா, அப்பா, தங்கச்சிக்கு யார் இருக்கா? செய்தி வந்த பிறகு கோயில் பக்கமே வராத குடும்பம் ஏதாவது உங்க தாமான்ல இருந்தா, ஒரு போன் போட்டு, "சாப்பிட்டீங்களா?"ன்னு கேளுங்க. அந்தப் புலனச் செய்தியை நான் அழிச்சுட்டேன். நீங்களும் யாருக்கும் அனுப்பாதீங்க.

அடுத்த வெள்ளி அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் வேணும். முடிஞ்சவங்க காலையிலேயே வந்துடுங்க.