சாமையும் உலக்கையும்

கொல்லிமலை என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன வல்வில் ஓரியின் வீரமும், அறப்பளீசுவரர் ஆலயமும், ஆகாய கங்கை அருவியும், காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுமேயாம். ஓரியின் வில்லை வன்பரணர் பாடினார். அம்மலையின் உலக்கையைப் பற்றி நாம் பேசுவது அரிது. ஆயினும், பல தலைமுறைகளாக அங்குள்ளோரின் ஜீவனம் அவ்வுலக்கையை நம்பியே நடந்தது என்பதும், அது ஓயத் தொடங்கியபோது ஒரு தானியமே ஓய்ந்துபோகும் நிலை நேர்ந்தது என்பதும், பின்னர் அதன் ஸ்தானத்தில் வந்தமர்ந்த சின்னஞ்சிறிய ஆலை பெரிய வியாபாரிக்கு எளிதில் கைவராத ஒரு நன்மையை வாங்குவோருக்கு அளித்தது என்பதும் சிந்திக்கத் தக்கவை.

14 நாடுகளாகப் பகுக்கப்பெற்ற இம்மலையில் வாழும் மலையாளிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்கள். சரிவுகளில் அவர்கள் விதைத்த தானியங்களுள் சாமை பிரதானமானது. அதிலும் சடஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று, மண்ணுக்கும் மழைக்கும் தக்கபடி பேதம் கண்டு தனித்தனியே விதை காத்து வந்தனர். அறுத்தடித்த சாமையை உமியோடு தொம்பையில் கொட்டி வைத்தால் அது வருஷக்கணக்கில் கெடாதிருக்கும். அன்றன்றைய உலைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் குத்துவதே வீட்டு வழக்கம்.

அந்தக் குத்தும் வேலையின் சிரமத்தை அருகிருந்து பார்த்தவரே அறிவர். கேழ்வரகுக்கு உமி இல்லை. அடித்துத் தூற்றி நேரே திரிகையில் இட்டு மாவாக்கலாம். சாமைக்கோ வழுவழுப்பான, இறுகிய உமி உண்டு. அதை உரலில் இட்டு, கை மாற்றிக் கை மாற்றி உலக்கை போட்டு, முறத்தில் அள்ளிப் புடைத்து, உமியை ஊதி, உடைபடாத மணியை மீண்டும் உரலுக்கு அனுப்பி, இறுதியில் குருணை வேறு அரிசி வேறாகக் கொழித்து எடுப்பதற்குள் ஸ்திரீகளின் பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

இதற்கிடையே சமவெளியில் வேறொரு தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தால் அயல்நாட்டு ஜவ்வரிசியின் வரத்து நின்றபோது, 1943-இல் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சி தொடங்கிற்று. ஆலைகள் பெருகப் பெருக, பின்வந்த தசாப்தங்களில் மரவள்ளி மலைச்சரிவுகளையும் பற்றிக்கொண்டது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் மொத்தமாகப் பணம். குத்துவதும் இல்லை, புடைப்பதும் இல்லை. சாமையைக் கைவிட்ட குடியானவனை நாம் குறை கூறுவதற்கில்லை. அவன் வீட்டுப் பெண்களின் தோள் நோவும் அவன் கணக்கில் ஓர் இனம்தானே?

நெல் அரைக்கும் ஆலையில் சாமையை இட்டால் ஆகாதோ என்று கேட்கலாம். நெல்மணியின் பருமனுக்கென இடைவெளி வைத்த யந்திரத்தில் கடுகினும் சற்றே பெரிதான சாமை, ஒன்று உமியோடு நழுவிப்போகும், அன்றி நொறுங்கி நொய்யாகும். ஆகவே சாமைக்கென்றே அமைந்த சிறு யந்திரம் தேவைப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் பணியாற்றி, விதை வங்கிகளை ஏற்படுத்தியதோடு, இத்தகைய சிற்றாலைகளைக் கிராமங்களில் நிறுவிச் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. உலக்கையின் பாரம் நீங்கவே, சாமை அக்குழுக்களின் கைவழியே பொட்டலமாகி நகரத்துக்கும் இறங்கிற்று.

இங்கேதான் சிறு தொழிலின் விசேஷம் புலப்படுகிறது. உமி நீங்கிய சாமையரிசியின் தவிட்டில் எண்ணெய்ப்பசை உண்டு. நாட்பட்டால் அது சிக்கு நாறும். மாதக்கணக்கில் கிடங்கிலும் கடைத்தட்டிலும் சரக்கை நிறுத்த வேண்டிய பெரு வியாபாரிக்கு அத்தவிடு ஓர் உபத்திரவம். ஆதலால் அவர் தீட்டி வெளுத்துவிடத் தூண்டப்படுகிறார், தவிட்டோடு அதன் சத்தும் போகிறது. கேட்குமளவே அரைக்கும் சிற்றாலைக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ராத்தலுக்கு ராத்தல் விலையை ஒப்பிட்டால் அதன் அரிசி மலிவென்று சொல்ல முடியாது. ஆனால் வாங்குகிறவர் கொடுக்கும் காசு புதுமைக்கும், சத்துக்கும், மணிக்கேற்ற யந்திரத்தின் பக்குவத்துக்கும் போய்ச் சேருகிறது.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டென அறிவித்த பிறகு, சாமையைப் புதியதொரு கண்டுபிடிப்புப் போலப் பேசுவோர் பெருகினர். தொம்பையில் கைவிட்டு அன்றைய உலைக்கு மட்டும் தானியம் அள்ளிய மலைவீட்டுப் பாட்டிக்கு அந்த அறிவு முன்பே இருந்தது. அவள் ஒரு வீட்டுக்குச் செய்ததை இன்று அச்சிற்றாலை முகம் அறியாத பல வீடுகளுக்குச் செய்கிறது.