ஏஐ வந்தா பனியன் கம்பெனி டெய்லருக்கு வேலை இருக்குமா? திருப்பூரில் யாருக்கு ஆபத்து?

'ஏஐ வந்தா நம்ம வேலை போயிடுமா?' ஐடி ஊழியர்கள் மட்டுமில்ல, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர்டேபிள் முன்னால உட்கார்ந்திருக்கிறவங்களும் இப்போ கேட்கிற கேள்வி இது. விவரமாகப் பார்க்கலாம்.

ஏஐ முதலில் எங்கே நுழைகிறது?

துணி செக்கிங்கில். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு போன்ற குறைகளை இப்போது கேமராவே கண்டுபிடிக்கிறது. '4 பாயிண்ட்' முறையில், குறை 3 இன்ச் வரை இருந்தால் 1 புள்ளி, 9 இன்ச்சைத் தாண்டினால் 4 புள்ளி. இந்தக் கணக்கை மெஷின் சோர்வே இல்லாமல் போடும்.

அடுத்தது கட்டிங். துணி வீணாகாமல் பீஸ்களை எப்படி அடுக்குவது என்பதை சாஃப்ட்வேரே சொல்லிவிடும். சட்டையின் செலவில் பெரும்பங்கு துணிக்குத்தான் என்பதால், முதலாளிகளுக்கு இதில் ஆர்வம் அதிகம்.

தையலை ரோபோ செய்யாதா?

அவ்வளவு சுலபமில்லை. இரும்புத் தகடு மாதிரி துணி விறைப்பாக நிற்காது. பின்னலாடைத் துணி இழுத்தால் நீளும், ஓரம் சுருளும். அதை விரலால் உணர்ந்து, அந்த நொடியே சரிசெய்கிறார் டெய்லர். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ரோபோக்களை வைத்து ஷூ தயாரிக்க அடிடாஸ் தொடங்கிய 'ஸ்பீட்ஃபேக்டரி' ஆலைகளே சில ஆண்டுகளில் மூடப்பட்டன. 2019-ல் அந்த அறிவிப்பு வந்தது.

அப்போ ஆபத்து யாருக்கு?

செக்கிங் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில். இதில் பெண்கள் அதிகம். கைமடி, செக்கிங் என்று சேர்ந்து, மெல்ல மெஷின் பழகி டெய்லர் ஆனவர்கள் பலர். அந்த முதல் படியே போய்விட்டால், புதுசா வர்றவங்க எங்கே தொழில் பழகுவாங்க?

இன்னொரு கவலை, கண்காணிப்பு. மெஷின் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணினால், வேலை போகாது. ஆனால் டார்கெட் ஏறும்.

என்ன செய்யலாம்?

* ஓவர்லாக் மட்டும் தெரிந்தவர்கள் பேட்லாக்கும் பழகலாம். ஸ்டைல் மாறினாலும் வேலை இருக்கும்.
* கட்டிங் மாஸ்டர்கள் கேட் சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம். துணியின் குணம் தெரிந்தவர் கையில்தான் அது நல்லா வேலை செய்யும்.
* எது குறை, எது குறையில்லை என்று கேமராவுக்குச் சொல்லித்தர அனுபவசாலியான செக்கர் தேவை. புது மெஷின் வாங்கும் கம்பெனிகள், வெளியாளைத் தேடும் முன் இவர்களுக்குப் பயிற்சி தரலாம்.

டெய்லரின் விரலுக்கு இப்போதைக்கு மாற்று இல்லை. செக்கரின் கண்ணுக்கு வந்துவிட்டது. பயிற்சியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.