பதினாறு நாள் குடியரசு

சங்ககிரி மலைக்கோட்டையில் ஆடிப் பதினெட்டன்று கூட்டம் கூடுகிறது. 1805இல் தீரன் சின்னமலையைக் கும்பினிக்காரர்கள் தூக்கிலிட்ட இடம் அது. மாலை மரியாதைகள், மந்திரிகள், ஜாதிச் சங்கங்களின் வண்டி வரிசைகள் எல்லாம் உண்டு. 2005இல், இருநூறாவது வருஷத்தில், தபால் தலையும் வெளியிட்டார்கள். அங்கிருந்து சேலம் மத்தியச் சிறை பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாமக்கல்லில் பள்ளிக்கூடம் போன எனக்குச் சின்னமலையைப் பற்றிச் சொல்லாத வாத்தியார் இல்லை. இந்த 22 பேரைப் பற்றிச் சொன்ன வாத்தியார் ஒருவரும் இல்லை. நாமக்கல் அன்று சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1997இல்தான். ஆக, இது நம் ஜில்லாவில் நடந்த காரியம்.

இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்திற்குச் சுலபமான ஒரு விளக்கம் உண்டு. முதல் கலகக்காரனைக் கொன்றது அந்நியன். மற்றவர்களைக் கொன்றது நம்முடைய சர்க்கார். அந்நியன் கொன்றவனைக் கொண்டாட யாருக்கும் செலவில்லை. இந்த விளக்கம் சரிதான், ஆனால் போதாது. மறதி எப்படி வேலை செய்கிறது, அந்த மறதியால் நாம் எதற்குக் கீழே வாழ்கிறோம் என்பதை அது சொல்வதில்லை.

இறந்தவர்கள் யார்? பெரும்பாலோர் மலபாரின் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. கண்ணூர்ப் பக்கத்துக் கைதி சேலம் ஜெயிலுக்கு வருவது நிர்வாகரீதியில் சாதாரணம். யுத்தத்திற்குப் பிந்திய தானியப் பஞ்சத்தில் 1946 டிசம்பரில் கரிவெள்ளூர் மக்கள், சிறக்கல் ராஜாவின் பத்தாயத்திற்குப் போகவேண்டிய நெல்லை ஊரைவிட்டு எடுத்துச் செல்ல விடமாட்டோம் என்று தடுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் அங்கே இரண்டு பேர் இறந்தார்கள். அதே மாதம் 30ஆம் தேதி காவும்பாயிக் குன்றில் கூடியிருந்த விவசாயிகளை மலபார் ஸ்பெஷல் போலீஸ் சூழ்ந்துகொண்டது; ஐந்து பேர் இறந்தார்கள். பிறகு வழக்கு, தண்டனை, சிறைமாற்றம். காவும்பாயி வழக்கில் தண்டிக்கப்பட்ட தளியன் ராமன் நம்பியார் சேலத்தில் இறந்தார். அவருடைய மகனும் அதே சிறையில் கைதியாக இருந்தார், அவர் பிழைத்துக்கொண்டார். நெல் மூட்டையில் ஆரம்பித்த விஷயம் இது என்பதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயுதக் கிளர்ச்சி என்ற சொல் மூட்டைகளை மறைத்துவிடக்கூடியது.

ஆனால் அது வெறும் மூட்டைகளின் கதையாகவும் நிற்கவில்லை. 1948 தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சிக் காங்கிரஸ், ரணதிவேயின் தலைமையில், வந்த சுதந்திரம் சுதந்திரமே அல்ல, புரட்சிக்குத் தருணம் வந்துவிட்டது என்ற முடிவுக்குப் போயிற்று. தெலங்கானாவில் நிஜமான ஒரு விவசாய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அதை வைத்து நாடு முழுவதையும் அளந்துவிட்டார்கள். இந்தப் பாதையில் சிறையும் ஒரு போர்முனையாகக் கருதப்பட்டது. உள்ளே இருப்பவர்கள் பணியக்கூடாது, சிறை விதிகளோடு மோதவேண்டும். வெளியே எந்த எழுச்சியும் வராத நேரத்தில், ஆயுதமும் இல்லாமல் வெளியேறும் வழியும் இல்லாமல் நாலு சுவருக்குள் இருப்பவனைப் போருக்கு அனுப்பிய முடிவு அது. இந்த 22 பேரைத் தியாகிகள் என்று சொல்லி வருஷந்தோறும் அஞ்சலி செலுத்துகிற இடதுசாரிகள், அந்த முடிவில் தங்களுக்கு உள்ள பங்கைப் பற்றியும் அதே மேடையில் பேசவேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்பது இன்னும் சங்கடமான கேள்வி. 1947 ஜனவரியில், வெள்ளைக்காரன் இன்னும் கப்பல் ஏறியிராத நேரத்தில், பிரகாசம் மந்திரிசபை ஓர் அவசரச் சட்டம் போட்டுக் கம்யூனிஸ்டுகளைக் கைதுசெய்தது. அது பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டமாக வளர்ந்தது. பின்னால் வந்த ஓமந்தூராரும் குமாரசாமி ராஜாவும் அதை வைத்தே ஆண்டார்கள். 1949 செப்டம்பரில் மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டது. இவர்கள் யாரும் கொடுங்கோலர்கள் அல்ல. சிறை பார்த்த காந்தியவாதிகள் அவர்களில் பலர். நாமக்கல் ராமலிங்கம் பிள்ளையை அரசவைக் கவிஞராக்கி மரியாதை செய்ததும் அதே 1949இல், அதே சர்க்கார்தான்.

நம் பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம். அதன் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன் 1926இலிருந்து 1930 வரை மாகாணத்தின் முதல் மந்திரி. ஓமந்தூரார் மந்திரிசபையில் 1947-48இல் போலீஸ் இலாகா அவரிடம் இருந்தது. அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்துக் கம்யூனிஸ்டாகத் திரும்பியவர். 1941 சென்னைச் சதி வழக்கில் தண்டனை பெற்றவர். மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட். மூத்த மகன் பிற்பாடு நாட்டின் ராணுவத் தளபதி ஆனார். அரசாங்கமும் ராணுவமும் கலகமும் ஒரே வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க முடியும். இதை ஒரு சுவாரஸ்யமான குடும்பக் கதையாக எடுத்துக்கொள்வது தவறு. மேலே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு வழக்கும் வக்கீலும் கிடைத்தன. கீழே கரிவெள்ளூர்க்காரனுக்குக் கிடைத்தது துப்பாக்கி. ஒரே கிளர்ச்சிக்கு இரண்டு விதமான பதில்கள் இருந்தன என்பதுதான் இந்த வீடு நமக்குச் சொல்வது.

1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. பேச்சுரிமை, சட்டத்தின் முன் சமத்துவம், உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு எல்லாம் எழுத்தில் வந்தன. சேலம் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் தங்களைச் சாதாரணக் குற்றவாளிகளாக நடத்துவதை ஏற்க மறுத்தார்கள். அரசியல் கைதிகளாக நடத்தும்படி கேட்டார்கள். வெள்ளைக்காரனிடம் காங்கிரஸ்காரர்கள் கேட்டுப் பெற்ற அதே அந்தஸ்து. சிறை அதிகாரத்திற்கும் அவர்களுக்கும் இடையே தகராறு முற்றி, பிப்ரவரி 11 அன்று உள்ளே துப்பாக்கிகள் வெடித்தன. 22 பேர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். குடியரசுக்கு வயது பதினாறு நாள். இறந்தவர்கள் ஆயுதம் ஏந்திக் காட்டில் திரிந்தவர்களாக அப்போது இல்லை. அவர்கள் அரசின் பொறுப்பில், அரசின் பூட்டுக்குள் இருந்தார்கள். கலகத்தை ஓர் அரசு எப்படி நடத்துகிறது என்பதை மலையிலும் காட்டிலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது, அங்கே இரண்டு பக்கமும் பயம் இருக்கிறது. பயப்படக் காரணம் தீர்ந்துபோன சிறைக்குள்தான் அது தெரியும்.

அடுத்த சில வாரங்களை வரிசையாகப் பார்க்கலாம். மாகாணங்களின் பழைய காவல் சட்டங்கள் புதிய சாசனத்தின் முன் நிற்குமா என்ற சந்தேகம் வந்திருந்தது. பிப்ரவரி கடைசி வாரத்தில் படேல் கொண்டுவந்த தடுப்புக்காவல் சட்டம் பார்லிமெண்டில் ஒரே மூச்சில் நிறைவேறியது. ஆயுள் ஒரு வருஷம்தான் என்றார்கள். மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப்பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டது. சேலம் சம்பவத்தின் மீதான கண்டனங்களையும் இந்தத் தடையையும் சரித்திரக்காரர்கள் சேர்த்தே பேசுகிறார்கள். 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்த ஏ. கே. கோபாலனுக்குப் புதிய சட்டத்தின் கீழ் அதே மார்ச் 1 அன்று புதிய காவல் உத்தரவு தரப்பட்டது. இரண்டு பேரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

மே 19 அன்று கோபாலன் தோற்றார். சட்டம் என்று ஒன்று முறைப்படி இயற்றப்பட்டிருந்தால் போதும், அது நியாயமானதா என்று கோர்ட் கேட்க வேண்டியதில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கருத்தாக இருந்தது. பஸல் அலி மட்டும் முழுமையாக மாறுபட்டார். மே 26 அன்று தாப்பர் ஜெயித்தார். 'பொது ஒழுங்கு' என்ற காரணம் சாசனத்தில் அன்று இல்லை, அரசின் பாதுகாப்பு ஆட்டம் காணும் அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் பேச்சைத் தடுக்கலாம் என்று பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். ஒரு வருஷம் கழித்து, 1951 ஜூனில், முதல் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு' சாசனத்திற்குள்ளேயே நுழைந்துவிட்டது. கூடவே, கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்கவேண்டும் என்ற சொல்லும் வந்தது. அது நேருவின் சர்க்காரிடமிருந்து எதிர்ப்பாளர்கள் பெற்ற சிறு ஆதாயம். சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்டுகளுக்காகத் தயாரான ஒரு சொல் தேசத்துக்கே பொதுச்சொல்லானது இப்படித்தான்.

இனி, கிளர்ச்சி எப்படி முடிந்தது என்பதைப் பார்க்கலாம். துப்பாக்கி அதை முடிக்கவில்லை என்று சொன்னால் மிகை. தெலங்கானாவில் ராணுவம் செய்ததை மறைக்க முடியாது. ஆனால் சென்னை மாகாணத்தில் அதன் முடிவு வேறு விதமாக வந்தது. 1951 அக்டோபரில் கட்சி தெலங்கானாப் போராட்டத்தை வாபஸ் வாங்கியது. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையில் கம்யூனிஸ்டுகளுக்கு 62 இடங்கள் கிடைத்தன. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. கோபாலன் பார்லிமெண்டுக்குப் போனார். இரண்டு வருஷங்களுக்கு முன் தேசத்துக்கு ஆபத்து என்று பூட்டிவைத்தவர்களுக்கு ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். உள்ளூர் மக்களின் பதில் என்று ஒன்று இருந்தால், அது இதுதான். அவர்கள் புரட்சியையும் ஏற்கவில்லை, தோட்டாவையும் ஏற்கவில்லை.

கிளர்ச்சி முடிந்தது. ஒரு வருஷத்துச் சட்டம் முடியவில்லை. புதுப்பிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு அது 1969 கடைசிவரை இருந்தது. ஒரு சிறிய இடைவெளிக்குப் பின் 1971இல் மிசா வந்தது. அதை நிறைவேற்றிய இந்திரா காந்தி மந்திரிசபையில், காங்கிரசுக்கு வந்துவிட்ட மோகன் குமாரமங்கலமும் இருந்தார். அவசரநிலையில் மிசா என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அது போன பிறகு 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே 1980இல் பழைய சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்த தர்மபுரியிலும், வடஆற்காட்டிலும் நக்சலைட்டுகள் 'மோதலில்' இறந்த செய்திகள் வரத் தொடங்கின. அங்கே காவலில் வைக்கும் சிரமம்கூட இல்லை. 1982இல் தமிழ்நாடு தனக்கென்று குண்டர் சட்டத்தை இயற்றிக்கொண்டது. சாராயம் காய்ச்சுபவர்களுக்கும் ரௌடிகளுக்கும் என்று சொன்னார்கள். 2017இல் சேலத்தில், நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு மாணவி மீது அது பாய்ந்தது. இரண்டு மாதத்திற்குள் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது என்பது ஆறுதல். சட்டம் அப்படியே இருக்கிறது என்பது உண்மை.

கலகக்காரர்கள் போய்விடுகிறார்கள், அவர்களுக்காகச் செய்த பூட்டு இருந்துவிடுகிறது. பூட்டு சும்மா இருப்பதில்லை, யாரையாவது தேடிக்கொள்கிறது.

இப்போது மறதிக்குத் திரும்பலாம். 1956 நவம்பர் 1 அன்று மலபார் கேரளத்தோடு சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் வேண்டும் என்று கேட்டவர்களில் கம்யூனிஸ்டுகளும் உண்டு, கோரிக்கை நியாயமானதே. ஆனால் அதன் ஒரு விளைவை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 22 பேர் இறந்த இடம் ஒரு மாநிலத்திலும், அவர்களுக்காக அழுதவர்கள் இன்னொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தார்கள். கண்ணூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சேலம் என்பது ஒரு துக்கத்தின் பெயர். சேலத்தில் சேலம் என்பது இரும்பு, மாம்பழம், பஸ் நிலையம். கட்சிக்காரர்கள் பிப்ரவரியில் கூடி அஞ்சலி செலுத்துவதைத் தவிர ஊர் அதை அறியாது. இங்கே அவர்களுக்கு உறவினர் இல்லை, ஜாதி இல்லை, ஓட்டு இல்லை. சின்னமலைக்கு இவை எல்லாம் இருந்தன. தமிழ்ச் சரித்திரத்தில் சேர்க்க அவர்கள் மலையாளிகள். மலையாளச் சரித்திரத்தில் சேலம் ஓர் அந்நிய ஊர்.

துக்கம் அந்தப் பக்கம் போய்விட்டது. சட்டம் இந்தப் பக்கமும் தங்கிவிட்டது. அதனால்தான் நமக்குக் குண்டர் சட்டம் என்றால் ரௌடிகளின் சமாசாரம், பொது ஒழுங்கு என்றால் நல்ல விஷயம். எந்தச் சவத்தின் மீது நின்று இந்தச் சொற்கள் பேச ஆரம்பித்தன என்பது தெரியாதபோது, சொற்கள் சுத்தமாகவே தெரிகின்றன. ஞாபகம் இருந்திருந்தால் சட்டம் இல்லாமல் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. சட்டசபையில் கை தூக்கும்போது ஒரு விநாடி தயங்கியிருப்பார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

ஆடிப் பதினெட்டில் சங்ககிரிக்கு மாலையோடு போகிறவர்களில் மந்திரிகள் உண்டு, போலீஸ் அதிகாரிகள் உண்டு. 1805இல் அவர்களுடைய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சின்னமலையைப் பொது ஒழுங்குக்கு ஆபத்து என்றுதான் கருதினார்கள். மாலை போடுகிறவர்கள் யாருக்கும் இதில் முரண் எதுவும் தெரிவதில்லை. திரும்பும் வழியில் சேலம் சிறையின் சுவரைக் கடந்துதான் பலர் ஊர் போய்ச் சேர்கிறார்கள்.